லைசென்ஸ் வந்தாயிற்று, வேலை எங்கே? புது பைலட்டுகளுக்கு ஒரு வழிகாட்டி

சிபிஎல் (சம்பளத்துக்கு விமானம் ஓட்ட அனுமதிக்கும் லைசென்ஸ்) கைக்கு வந்த அன்று அம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தார். எதிர்வீட்டு மாமா, "எப்ப தம்பி ஃப்ளைட் ஓட்டப் போற?" என்று கேட்டார். "ரெண்டு மூணு மாசத்துல மாமா" என்றேன். சம்பளத்துக்காக நான் முதன்முதலில் காக்பிட்டில் உட்கார்ந்தது அதற்கு 26 மாதம் கழித்து. மாமா கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்.

அந்த 26 மாதத்தில் 14 மாதம் என் கையில் இல்லாதது. வேலை திறக்கவில்லை, சேர்ந்த பிறகு பயிற்சிக் காலம், அவ்வளவுதான். மீதி 12 மாதம் முழுக்க என் தவறு. காலாவதியான ரேட்டிங்குக்கு (லைசென்ஸில் ஏறும் கூடுதல் தகுதி) 4 மாதம், பெயரில் இருந்த இனிஷியலுக்கு 2 மாதம், சரியாகத் தயாராகாமல் சிம் (சிமுலேட்டர், விமானம் போலவே இயங்கும் பயிற்சிக் கருவி) தேர்வுக்குப் போனதற்கு 6 மாதம். உங்களுக்கு அந்த 12 மாதமாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இந்திய சிபிஎல், சுமார் 200 மணிநேரப் பறப்பு, மல்டி எஞ்சின் ரேட்டிங், ஐஆர் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் ரேட்டிங்) ஆகியவற்றோடு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கானது இது.

1. "பைலட் தட்டுப்பாடு" என்ற செய்தியை நம்பித் திட்டம் போடாதீர்கள்

தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் தட்டுப்பாடு கேப்டன்களுக்கு. கேப்டன் ஆக ஏடிபிஎல் (சிபிஎல்லுக்கு அடுத்த நிலை லைசென்ஸ்) வேண்டும், அதற்கு 1,500 மணிநேரம் வேண்டும். நம்மிடம் இருப்பது 200. 2023-ல் மட்டும் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) 1,622 சிபிஎல் கொடுத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பட்டாசு. அந்த விமானங்கள் வந்து சேரப் பல வருடம் ஆகும் என்பதை யாரும் பேசவில்லை. இடையில் மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் நின்றது. ஏ320 டைப் ரேட்டிங்கும் (ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் தகுதி) அனுபவமும் உள்ள துணை விமானிகள் கூட்டமாக நமக்கு முன்னால் வரிசையில் வந்து நின்றார்கள்.

பறக்கும் நேர விதிகள் 2025-ல் மாறின. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது, இரவு லேண்டிங்குகளுக்கும் வரம்பு குறைந்தது. அந்த டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானதைப் பார்த்து, "இனி நம்மைத் தேடி வருவாங்க" என்று ஜூனியர் ஒருவன் எனக்கு மெசேஜ் போட்டான். தேவை கூடியது சரி. ஆனால் 200 மணிநேரக்காரரை இன்று எடுத்தால் அவர் பயிற்சி முடித்து லைனுக்கு (பயணிகள் விமானப் பணிக்கு) வரப் பல மாதம் பிடிக்கும். அவசரத்துக்கு யாரும் நம்மை அழைக்க மாட்டார்கள். இன்னொன்று, பெரிய நிறுவனங்கள் சொந்த கேடட் (ஆரம்பத்திலேயே ஆளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும்) திட்டங்கள் வழியாகத் துணை விமானி இடங்களில் ஒரு பங்கை முன்கூட்டியே நிரப்பிவிடுகின்றன. வெளியிலிருந்து வரும் சிபிஎல்காரர்களுக்கு மிச்ச இடம்தான்.

ஆகவே காத்திருப்பு 6 மாதமும் இருக்கலாம், 3 வருடமும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு பணத்தையும் மனதையும் தயார் செய்யுங்கள்.

எங்கெல்லாம் முட்டலாம்? இண்டிகோ (ஏ320 வகை, ஏடிஆர் விமானங்கள்), ஏர் இந்தியா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஆகாசா (737 மேக்ஸ்), ஸ்பைஸ்ஜெட், அலையன்ஸ் ஏர் (ஏடிஆர்), ஸ்டார் ஏர் (எம்ப்ரேயர்), கோவாவை மையமாகக் கொண்ட ஃப்ளை91 (ஏடிஆர்). இவை தவிர சார்ட்டர் (வாடகை விமான) நிறுவனங்கள். வளைகுடா, சிங்கப்பூர் பக்கம் 200 மணிநேர இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு விண்ணப்பித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

2. தேதிகளை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஐஆர் 12 மாதம் செல்லும். அந்த 12 மாதம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதில்தான் நான் விழுந்தேன். சிபிஎல் வந்த நாளிலிருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செக் (பரிசோதகர் முன் பறந்துகாட்டும் தேர்வு) கொடுத்த நாளிலிருந்து தொடங்குகிறது. செக் முடித்து, கோப்புகள் தயாராகி, டிஜிசிஏவின் ஈஜிசிஏ தளத்தில் ஏற்றி, ஆட்சேபணைக்குப் பதில் போட்டு, சிபிஎல் வருவதற்குள் எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. லட்டு கொடுத்த அன்றே என் ஐஆரில் பத்து மாதம்தான் பாக்கி.

முதல் அழைப்பு மின்னஞ்சல் வந்த அன்று ஐஆர் காலாவதியாகி 11 நாள் ஆகியிருந்தது. "தற்போது செல்லுபடியாகும் மல்டி எஞ்சின் ஐஆர்" என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். புதுப்பிக்க ஓடினேன். என் பழைய பயிற்சிப் பள்ளியில் இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றே ஒன்று, அதுவும் பழுது பார்க்க நிறுத்தியிருந்தார்கள். வேறு பள்ளியில் இடம் கேட்டேன். "எங்க பசங்களுக்கே வண்டி இல்ல, மழை முடியட்டும் பாக்கலாம்" என்றார்கள். மழை முடிந்து, பயிற்சி மணிநேரம் போட்டு, பரிசோதகரின் தேதி கிடைத்து, செக் முடிய 4 மாதம். செலவு 2,40,000 ரூபாய், தங்கும் செலவு தனி. அதற்குள் அந்த ஆட்சேர்ப்பு முடிந்தே போயிருந்தது.

சுவரில் ஒட்ட வேண்டியவை:

- ஐஆர்: செக் தேதியிலிருந்து 12 மாதம். காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே விமானமும் பரிசோதகரும் பதிவு செய்யுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம் என்பதைக் கணக்கில் வையுங்கள்.
- கிளாஸ் 1 மெடிக்கல் (விமானிக்கான உடல்தகுதிச் சான்று): நம் வயதுக்காரர்களுக்கு 12 மாதம். கடைசி வாரத்தில் போகாதீர்கள். ரத்த அழுத்தமோ ஹீமோகுளோபினோ எடையோ சற்றுப் பிசகினால் தற்காலிகத் தகுதியின்மை போட்டுவிடுவார்கள். மறுபரிசோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும்.
- ஆங்கிலத் தேர்ச்சி: லெவல் 4 என்றால் 3 வருடம், லெவல் 5 என்றால் 6 வருடம், லெவல் 6-க்குக் காலாவதி இல்லை.
- சிபிஎல்: 2023 அக்டோபர் திருத்தத்துக்குப் பின் 10 வருடம். இதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறோம். லைசென்ஸ் 10 வருடம் உயிரோடு இருக்கும், அதற்குள் இருக்கும் ரேட்டிங்குகள் செத்துப்போயிருக்கும்.
- பாஸ்போர்ட்: இரண்டு வருடத்துக்கு மேல் பாக்கி இருக்கட்டும்.

ஐஆரை உயிரோடு வைத்திருக்க ஆண்டுக்கு 2 முதல் 3 லட்சம் ஒதுக்க வேண்டியிருக்கும். "வேலை வரும்போது புதுப்பிச்சுக்கலாம்" என்பார்கள் சீனியர்கள் சிலர். விண்ணப்ப ஜன்னல் ஒரு வாரம் திறந்திருக்கும். புதுப்பிக்க நான்கு மாதம் ஆகும். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

3. நம்ம ஊர் இனிஷியல் பிரச்சினை

வடநாட்டு நண்பர்களுக்கு இது புரியவே இல்லை. நமக்கு எல்லோருக்கும் இருக்கிறது.

உதாரணத்துக்கு, மார்க்‌ஷீட்டில் "கதிரவன் மு", ஆதாரில் "மு கதிரவன்", பாஸ்போர்ட்டில் பெயர் "கதிரவன்", குடும்பப் பெயர் "முத்துசாமி". டிஜிசிஏ கம்ப்யூட்டர் நம்பர் (தேர்வு எழுதப் பதிவு செய்து வாங்கும் எண்) எடுக்கும்போது மார்க்‌ஷீட்டைப் பார்த்துக் கொடுத்திருப்போம், லைசென்ஸும் அப்படியே வந்திருக்கும். நிறுவனத்தின் ஆவணச் சரிபார்ப்பு மேசையில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டையும் லைசென்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் இரண்டு பெயரையும் வட்டம் போட்டு, "இவங்க ரெண்டு பேரும் ஒருத்தர்தானா சார்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகத்தான் கேட்டார். கோப்பு நிறுத்தி வைக்கப்பட்டது.

இப்போதே செய்யுங்கள்: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, ஆதார், பான், பாஸ்போர்ட், லைசென்ஸ், வங்கிக் கணக்கு என எல்லாவற்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். இனிஷியலை விரித்தது மட்டும்தான் வேறுபாடு என்றால் "இருவரும் ஒருவரே" என்ற நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் எனக்குப் போதுமானதாக இருந்தது. எழுத்தே மாறியிருந்தால் (ஒரு இடத்தில் ஒற்றை எழுத்து, இன்னொரு இடத்தில் இரட்டை) உறுதிமொழிப் பத்திரத்தை நம்பாமல் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் போட்டுவிடுங்கள். எழுதுபொருள் அச்சுத் துறை வழியாக நடக்கும் வேலை அது. அதன் பிறகு ஒவ்வொரு ஆவணமாக மாற்ற வேண்டும். லைசென்ஸில் திருத்தம் கடைசியில்தான் வரும். பொறுமை வேண்டும்.

கோப்பில் இருக்க வேண்டியவை, அசலும் மூன்று நகல்களும்:

- பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல்கள். இயற்பியல், கணித மதிப்பெண் தனியாகப் பார்க்கப்படும். 50 சதவீதத்துக்குக் குறைந்தால் விண்ணப்பமே ஏற்காத நிறுவனங்கள் உண்டு.
- மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் கம்ப்யூட்டர் நம்பருக்காக அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் வாங்கிய உண்மைத்தன்மைச் சான்றின் நகல். தொலைத்துவிட்டு மறுபடி அலையாதீர்கள்.
- சிபிஎல், எஃப்ஆர்டிஓஎல், ஆர்டிஆர் (பின்னிரண்டும் ரேடியோவில் பேசுவதற்கான அனுமதிகள்). இப்போது மின்னணு லைசென்ஸும் உண்டு, அதைத் தரவிறக்கி அச்சிட்டு வையுங்கள்.
- டிஜிசிஏ தேர்வு முடிவுகள் எல்லாம், தோற்றவை உட்பட. எத்தனை முயற்சி என்று நேர்முகத்தில் கேட்பார்கள். மறைக்காதீர்கள்.
- மெடிக்கல் மதிப்பீட்டுச் சான்று.
- பயிற்சிப் பள்ளியின் நற்சான்று. அதில் விபத்து, அசம்பாவிதம் ஏதும் இல்லை என்ற வரி இருக்கட்டும்.
- காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் விண்ணப்பிக்கலாம். பயிற்சிக்காக வேறு மாநிலத்தில் ஓராண்டுக்கு மேல் இருந்திருந்தால் அந்த முகவரியையும் கேட்க வாய்ப்பு உண்டு.

4. லாக்புக்

ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்குலேட்டரோடு உட்கார்ந்து, பறந்த மணிநேரம் எழுதிவைத்த லாக்புக்கை முதல் பக்கத்திலிருந்து கூட்டுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள். என் லாக்புக்கில் 34-ஆம் பக்கத்தில் 1:10-ஐ (ஒரு மணி பத்து நிமிடம்) 1.10 என்று எடுத்துக் கூட்டியிருந்தேன். அந்தப் பிழை கடைசிப் பக்கம் வரை பெருகிக்கொண்டே வந்திருந்தது. மின்னணுப் பதிவேட்டில் ஒரு மொத்தம், கையெழுத்துப் பிரதியில் ஒரு மொத்தம் என்றால் கேள்வி வரும்.

திருத்த வேண்டும் என்றால் வெள்ளை மை கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தலைமைப் பயிற்றுநரிடம் சுருக்கொப்பம் வாங்குங்கள். அவர் வேறு பள்ளிக்கு மாறிப்போவதற்கு முன்னால் வாங்கிவிடுங்கள். பயிற்றுநர்கள் அடிக்கடி மாறுவார்கள்.

பறக்காத மணிநேரத்தைச் சேர்த்து எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். விமானத்தின் டெக் லாக் (பறப்பையும் பழுதையும் எழுதும் பதிவேடு), எரிபொருள் ரசீது, கட்டுப்பாட்டுக் கோபுரப் பதிவு மூன்றும் உங்கள் லாக்புக்கோடு ஒத்துப்போக வேண்டும். எப்போது வேண்டுமானாலும் தோண்டி எடுக்கலாம். 2011-ல் போலி மதிப்பெண் பட்டியல்களில் லைசென்ஸ் வாங்கியவர்கள் பிடிபட்டபோது, பல வருடம் பறந்துகொண்டிருந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

5. சொந்தக் காசில் டைப் ரேட்டிங் செய்யலாமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. என் பதில்: வேலை கடிதமோ, குறைந்தபட்சம் நிபந்தனையோடு கூடிய தேர்வுக் கடிதமோ கையில் இல்லாமல் செய்யாதீர்கள்.

ஏ320 அல்லது 737 என்றால் 15 முதல் 25 லட்சம் வரை கேட்கிறார்கள். அதை முடித்தால் "டைப் ரேட்டட்" பிரிவில் விண்ணப்பிக்கலாம், போட்டி குறையும் என்பது வாதம். பொய் இல்லை. ஆனால் மூன்று பள்ளம் இருக்கிறது.

முதலாவது பேஸ் டிரெயினிங். சிமுலேட்டரில் எல்லாம் முடிந்த பிறகு, நம் போன்ற குறைந்த மணிநேரக்காரர்கள் பயணிகள் இல்லாத உண்மையான விமானத்தில் டேக்-ஆஃப், லேண்டிங் செய்துகாட்ட வேண்டும். அதற்கு ஒரு ஏர்பஸ் வேண்டும். சிமுலேட்டர் வைத்திருக்கும் மையத்திடம் ஏர்பஸ் எங்கே இருக்கும்? "அதெல்லாம் ஏர்லைன் பாத்துக்கும்" என்று சொல்லிப் பணம் வாங்கும் இடங்கள் உண்டு. பேஸ் டிரெயினிங் யார் தருகிறார்கள், எந்த விமானத்தில், எந்தத் தேதிக்குள், கட்டணத்தில் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள். என் பேட்ச் நண்பன் ஒருவன் 18 லட்சம் கட்டி சிமுலேட்டர் முடித்துவிட்டு, லைசென்ஸில் அந்த விமானம் ஏறாமலே ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தான்.

இரண்டாவது, டைப் ரேட்டிங்கும் ஊறுகாய் இல்லை, போட்டு வைத்தால் கெட்டுப்போகும். பறக்காமல் இருந்தால் மறுபடி சிமுலேட்டர், மறுபடி செக், மறுபடி பணம்.

மூன்றாவது, நீங்கள் ஏ320 செய்து முடித்ததும் 737 நிறுவனம் ஆள் எடுக்கும். இதை மர்ஃபி விதி என்று சொல்லிச் சிரித்துக்கொள்வோம். சிரிப்பு வராது.

விலை கேட்கும்போது வரி சேர்த்தா சேர்க்காமலா, பரிசோதகர் கட்டணம் உண்டா, தோற்றால் கூடுதல் சிம் அமர்வுக்கு எவ்வளவு என்ற மூன்றையும் கேளுங்கள்.

6. விண்ணப்பிப்பது

நிறுவனத்தின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கம் மட்டும்தான் வழி. தினமும் காலையில் பால் காய்வதற்குள் ஏழெட்டுப் பக்கத்தையும் பார்த்துவிடலாம். பேட்ச் நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஆளுக்கு இரண்டு நிறுவனம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். என்னைக் கூப்பிட்ட இரண்டாவது விளம்பரத்தை நாக்பூரில் இருந்த நண்பன் பார்த்துத்தான் சொன்னான்.

சிவி ஒரே பக்கம். மேலே பெயர், அதன் கீழே லைசென்ஸ் எண், ரேட்டிங்குகள், ஒவ்வொன்றின் காலாவதித் தேதி. பிறகு மொத்த மணிநேரம், பிஐசி (தலைமை விமானியாகப் பறந்தது), மல்டி எஞ்சின், இரவு, இன்ஸ்ட்ருமென்ட் (விமானத்தில் எவ்வளவு, சிமுலேட்டரில் எவ்வளவு). பிறகு படிப்பு. பள்ளியில் வாங்கிய பேச்சுப் போட்டிப் பரிசு வேண்டாம்.

இப்போது மோசடி. "ஏர்லைனுக்குள்ள ஆள் இருக்கு, 5 லட்சம் குடுத்தா இன்டர்வியூ" என்று போன் வரும். எனக்கு இரண்டு முறை வந்தது. இரண்டாவது ஆள் என் கம்ப்யூட்டர் நம்பரையே சொன்னார், கொஞ்சம் ஆடிப்போனேன். அந்த எண் பல வாட்ஸ்அப் குழுக்களில் எக்செல் தாள்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆட்சேர்ப்புக்குப் பணம் வாங்குவதில்லை என்று நிறுவனங்களே அறிவித்திருக்கின்றன. மின்னஞ்சல் முகவரியின் பின்பகுதியைப் பாருங்கள், இலவச மின்னஞ்சலிலிருந்து எந்த ஏர்லைனும் ஆஃபர் அனுப்பாது. தேர்வுக் கட்டணம் கேட்டால்கூட அது நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கட்டுங்கள்.

சார்ட்டர் நிறுவனங்களில் கதை வேறு. அங்கே விளம்பரம் அரிது. பேகம்பேட், ஜூஹூ போன்ற விமான நிலையங்களில் ஹேங்கர் ஹேங்கராக ஏறி இறங்கி, சிவியைக் கையில் கொடுத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொந்தரவு இல்லாமல் நினைவூட்டி வேலை வாங்கியவர்கள் எனக்குத் தெரியும். வெட்கப்பட வேண்டாம்.

7. தேர்வு நாட்கள்

எழுத்துத் தேர்வு சிபிஎல் பாடங்கள்தான்: நேவிகேஷன், மெட் (வானிலை), ரெகுலேஷன், டெக்னிக்கல். படித்து முடித்ததும் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டவர்கள் நாங்கள். அதைச் செய்யாதீர்கள். வாரத்துக்கு ஒரு பாடம் சுழற்சியில் வையுங்கள். ஏடிபிஎல் தேர்வுகளை இந்தக் காலத்திலேயே எழுதி முடித்தால் இரட்டை லாபம், பாடமும் மறக்காது, நேர்முகத்தில் சொல்லவும் ஒன்று இருக்கும்.

மனக்கணக்கு கட்டாயம் வரும். 60 கடல்மைல் போன பிறகு 3 மைல் விலகியிருந்தால் எத்தனை டிகிரி? மூன்று. 9,000 அடி இறங்க வேண்டும், எத்தனை மைல் முன்னால் தொடங்குவீர்கள்? ஒன்பதை மூன்றால் பெருக்கி 27. தரைவேகம் 120 நாட், மூன்று டிகிரி சரிவு, இறங்கும் வேகம்? ஐந்தால் பெருக்கி நிமிடத்துக்கு 600 அடி. இவை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

கணினிவழித் திறன் தேர்வில் ஜாய்ஸ்டிக்கால் ஒரு புள்ளியைத் துரத்திக்கொண்டே எண்களைக் கூட்டச் சொல்வார்கள். பயிற்சி மென்பொருள்கள் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும். இரண்டு வாரப் பயிற்சியில் நல்ல முன்னேற்றம் தெரியும், அதற்கு மேல் பெரிதாகக் கூடாது.

சிம் தேர்வுதான் என்னைக் கவிழ்த்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செஸ்னாவிலும் சிறிய இரட்டை எஞ்சினிலும் பறந்துவிட்டு நேராக ஜெட் சிமுலேட்டரில் உட்கார்ந்தால் கை பழக்கம் ஒத்துவராது. மூக்கைக் கொஞ்சம் தூக்கினாலே ஆயிரம் அடி ஏறிவிடும். பரிசோதகர் ஃப்ளைட் டைரக்டரை (விமானத்தை எப்படித் திருப்ப வேண்டும் என்று திரையில் காட்டுவது) அணைத்துவிட்டு, "ரா டேட்டாவில் ஐஎல்எஸ் போங்க" என்றார். அதாவது ரேடியோ கற்றையைக் காட்டும் ஊசிகளை மட்டும் பார்த்து இறங்க வேண்டும். லோகலைசரை (ஓடுபாதையின் மையக்கோட்டைக் காட்டும் கற்றை) தாண்டிவிட்டேன். திருப்பிப் பிடிக்கும்போது கிளைடுஸ்லோப்புக்கு (இறங்க வேண்டிய சரிவுப் பாதை) மேலே நின்றேன். மூக்கை அழுத்தினேன், வேகம் ஏறியது. 500 அடியில் ஊசி இரண்டும் மையத்தில் இல்லை, எனக்கு வியர்வை கண்ணில் இறங்குகிறது, ஆனாலும் எப்படியோ ஓடுபாதையில் வைத்துவிட்டேன். உள்ளுக்குள் பெருமை வேறு. அவர் குறிப்பேட்டை மூடிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "ஏன் கோ-அரவுண்ட் போகல?"

இறங்காமல் மேலேறி மறுபடி சுற்றி வருவதுதான் கோ-அரவுண்ட். தோற்றேன். மறுபடி விண்ணப்பிக்க 6 மாதம் இடைவெளி. இரண்டாவது தடவையும் நான் ஒன்றும் அபாரமாகப் பறந்துவிடவில்லை. மறுபடியும் கிளைடுஸ்லோப்புக்கு மேலேதான் இருந்தேன். ஆனால் 1,000 அடியில் "நாட் ஸ்டேபிலைஸ்டு, கோ-அரவுண்ட்" (நிலை சீராக இல்லை, மறுபடி சுற்றுகிறேன்) என்று சத்தமாகச் சொல்லி மேலே போனேன். அடுத்த சுற்றில் ஒழுங்காக வந்தது. தேர்வானேன். அவர்கள் தேடுவது கை வித்தையை அல்ல, எப்போது விட வேண்டும் என்று தெரிந்த ஆளை.

தேர்வுக்கு முன் அதே வகை சிமுலேட்டரில் 4 மணிநேரமாவது வாடகைக்கு எடுங்கள். அசையாத சிமுலேட்டர் போதும், மணிக்கு 8,000 முதல் 15,000 ரூபாய். நண்பனோடு பகிர்ந்தால் நீங்கள் பறக்கும் நேரத்தில் அவன் மானிட்டரிங் (கருவிகளைக் கவனிப்பது) செய்யலாம், கால்-அவுட் (அளவுகளை உரக்கச் சொல்வது) பழகும். செய்ய வேண்டியவை: நேர்கோட்டுப் பறத்தல், 45 டிகிரி ஸ்டீப் டர்ன் (நன்றாகச் சாய்ந்து திரும்புவது), ஹோல்டிங் (வானில் சுற்றிக் காத்திருப்பது) நுழைவு மூன்று விதமும், ரா டேட்டா ஐஎல்எஸ், கோ-அரவுண்ட். அந்த விமானத்தின் பிட்ச் (மூக்கின் கோணம்), பவர் எண்களை முதலில் மனப்பாடம் செய்யுங்கள். எண் தெரிந்தால் துரத்த வேண்டியதில்லை.

நேர்முகத்தில் "இத்தனை மாதம் என்ன செய்தீர்கள்?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். "வேலை தேடினேன்" என்பது பதில் ஆகாது. அடுத்த பகுதி அதற்குத்தான்.

8. காத்திருக்கும் காலத்தில் பிழைப்பு

கடனைப் பற்றி முதலில். கல்விக் கடனில் பொதுவாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். 50 லட்சம், 11 சதவீதம் என்றால் வருடத்துக்கு 5.5 லட்சம் வட்டி. சலுகைக் காலம் முடிந்ததும் 15 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 57,000. 7.5 லட்சத்துக்கு மேல் என்பதால் வீடோ நிலமோ அடமானத்தில் இருக்கும். என் விஷயத்தில் அப்பாவின் ஒன்றரை ஏக்கர். சலுகைக் காலம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே வங்கி மேலாளரை நேரில் பார்த்து நிலைமையைச் சொல்லி நீட்டிப்போ மறுசீரமைப்போ கேளுங்கள். தவணை தவறிய பிறகு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். சிபில் மதிப்பெண் கெட்டால் டைப் ரேட்டிங் கடனும் போச்சு. வேலை கிடைத்ததும் பழைய வரி முறையில் இருந்தால் கல்விக் கடன் வட்டிக்கு 8 ஆண்டு வரை கழிவு உண்டு, மறக்காதீர்கள்.

வேலைகளில் என் முதல் பரிந்துரை உதவிப் பறப்புப் பயிற்றுநர் ரேட்டிங். கூடுதல் பயிற்சியும் செலவும் உண்டு, ஆனால் பறந்துகொண்டே இருக்கலாம், மணிநேரம் ஏறும், சிறிய சம்பளமும் வரும். பயிற்சிப் பள்ளிகள் பெருகியிருப்பதால் தேவை இருக்கிறது. அது முடியாவிட்டால் தரைவகுப்பு ஆசிரியர், ஏர்லைன் டிஸ்பாட்ச் (பறப்புத் திட்டம் போடுவது) அல்லது ஆப்பரேஷன்ஸ் வேலை. நான் ஏழு மாதம் மெட், நேவிகேஷன் வகுப்பு எடுத்தேன். மாதம் 22,000. நேர்முகத்தில் மேகங்களைப் பற்றிக் கேட்டபோது பலகையில் வரைந்து காட்டுகிறேன் என்று எழுந்துவிட்டேன். அந்தக் குழு சிரித்தது அப்போது மட்டும்தான்.

9. ஆஃபர் கடிதம்: கையெழுத்துக்கு முன்

மகிழ்ச்சியில் கடைசிப் பக்கத்துக்கு ஓடாதீர்கள். பாண்ட் (குறிப்பிட்ட காலம் வரை விலகக் கூடாது என்ற ஒப்பந்தம்) எத்தனை வருடம், எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது? சேர்ந்த நாளிலிருந்தா, லைனில் ரிலீஸ் ஆன (பயிற்சி முடிந்து பணிக்கு விடப்பட்ட) நாளிலிருந்தா? இதிலேயே ஒரு வருடம் வித்தியாசம் வரும். பாண்ட் தொகை வருடா வருடம் குறைகிறதா, கடைசி நாள் வரை முழுத்தொகையா? பயிற்சியில் தோற்றால் செலவு யாருடையது? டைப் ரேட்டிங் பணத்தைச் சம்பளத்தில் பிடிக்கிறார்களா? பின்தேதியிட்ட காசோலை கேட்கிறார்களா? பக்கத்து ஊர் வக்கீலுக்கு இரண்டாயிரம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். லட்சக்கணக்கான பாண்டுக்கு அது பெரிய செலவே இல்லை. அசல் மதிப்பெண் பட்டியல்களை நிறுவனத்திடம் வைத்துக்கொள்ளக் கொடுக்காதீர்கள், காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள்.

பாண்ட் தவிர டிஜிசிஏ விதிப்படி துணை விமானிக்கு 6 மாதம், கேப்டனுக்கு ஓராண்டு நோட்டீஸ் காலம். நினைத்த நாளில் மாற முடியாது.

10. சேர்ந்த பிறகும் உடனே சம்பளம் இல்லை

சேரும் நாளுக்கும் முழுச் சம்பளத்துக்கும் இடையில் நிறுவன வகுப்புகள், பாதுகாப்பு மற்றும் அவசரகாலப் பயிற்சி, ஆபத்தான சரக்குப் பயிற்சி, டைப் ரேட்டிங், பேஸ் டிரெயினிங், லைசென்ஸில் பதிவு, பிறகு பயிற்சிக் கேப்டனோடு லைன் பயிற்சி, கடைசியில் ரிலீஸ் செக். எனக்கு இது எட்டு மாதம். பாதிக் காலம் உதவித்தொகை மட்டும். பயிற்சி பெரும்பாலும் குருகிராம், நொய்டா, பெங்களூரு, ஹைதராபாத் பக்கம். அறை வாடகை, முன்பணம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 2 லட்சமாவது கையிருப்போடு போங்கள்.

விமான நிலைய நுழைவு அட்டைக்குப் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு. கான்ஸ்டபிள் வீட்டுக்கு வரும்போது வீட்டில் யாராவது இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதிப் போய்விட்டார். அதைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. எதிர்வீட்டு மாமாதான் ஸ்டேஷனுக்கு இரண்டு தடவை நடந்தார்.